எறும்புக் காசு

என் சாமிக்கு,

உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே வேலிக்கு மேலாக நீட்டினார். தீவனம் கலந்துகொண்டிருந்த கையோடு வாங்கியதால் உறை முழுக்க மக்காச்சோள மாவு. ஒரு தடவை படித்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இன்னொரு தடவை படித்தேன். வடக்கே, ரயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போகிற தூரத்தில், கோழி நோய்களை ஆராய்கிற பண்ணையில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று ஒரு பத்தி. நாமக்கல்லிலேயே ஒரு தீவனக் கம்பெனியில் டாக்டராக வரச் சொல்கிறார்கள் என்று இன்னொரு பத்தி. அதற்குப் பிறகு என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, ராத்திரியில் தனியாகப் படுக்கப் பயமாக இல்லையா, ஷெட்டுக்கு ஆள் ஒழுங்காக வருகிறதா என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறாய்: “அம்மா, ஒன்றும் புரியவில்லை. அந்த எறும்புக் காசை எடுத்து நீங்களே ஒரு தடவை சுண்டுங்கள். எறும்பு விழுந்தால் வடக்கே போகிறேன். கோபுரம் விழுந்தால் ஊருக்கு வந்துவிடுகிறேன். எது விழுந்ததோ அதை மட்டும் எழுதுங்கள்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மெட்ராசில் இத்தனை வருஷம் கால்நடை மருத்துவம் படித்து, ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் ஊசி போடக் கற்றுக்கொண்ட பிள்ளை, தன் பிழைப்புக்கு வழி கேட்டு ஒரு செல்லாத காசிடம் போய் நிற்கிறாயே! உன் அப்பா இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். நீ கேட்டது ஒரு வரிப் பதில். ஆனால் அந்தக் காசைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதி எனக்கே போன வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. அதனால் இந்தக் கடிதம் நீளும். உன் அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

அந்தக் காசு நம் வீட்டுக்கு வந்தபோது நீ பாவாடை கட்டிக்கொண்டு திரிந்தாய். உன் அப்பா அப்போது சேலத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். போனால் எப்போது வருவார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வந்தால் சூரமங்கலத்தில் லாரியை விட்டுவிட்டு, டவுன் பஸ் பிடித்து, பிறகு வேறு பஸ் மாறி, பனமரத்துப்பட்டி தாண்டி நம் ஊர் முக்கில் இறங்கி, அங்கிருந்தே உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருவார். ஊருக்கே தெரிந்துவிடும். அந்தத் தடவை வந்ததும் சட்டைப் பையைத் துழாவி இந்தக் காசை எடுத்து உன் உள்ளங்கையில் வைத்தார். “ஏங் கண்ணு, இதைப் பத்துப் பைசான்னு நெனச்சு வாங்கி வச்சுக்கிட்டனுங்க. வழி நெடுக ஒரு டீக்கடைக்காரனும் வாங்க மாட்டீங்கறான். நீயாச்சும் வாங்கிக்கறியா?” என்று கேட்டார். நம் பத்துப் பைசா போலவே வெள்ளையாக, ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது. ஆனால் பூப்போல வளைந்த ஓரம் இல்லை, நல்ல வட்டம். ஒரு பக்கம் மூன்று கோபுரம், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு இறகு. மறுபக்கம் எறும்பு. நீ எழுத்துக் கூட்டி “சான் மரினோ” என்று படித்துவிட்டு, அது எந்த ஊர் என்று கேட்டாய். உன் பள்ளிக்கூடத்துப் படப் புத்தகத்தில் தேடினாய், கிடைக்கவில்லை. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாயே, அப்பா அடுத்த நடை பம்பாய் போகும்போது விசாரித்து வந்தே ஆகவேண்டும் என்று லாரிச் சாவியை ஒளித்து வைத்துவிட்டாய்.

விசாரித்து வந்தார். துறைமுகத்துப் பக்கம் டீக்கடையில் கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒரு கோவாக்காரர் சொன்னாராம், அது இத்தாலி நாட்டுக்கு உள்ளேயே இருக்கிற ஒரு தனி நாடு என்று. நம் நாமக்கல் மலைக்கோட்டை போல மலை உச்சியில் கோட்டை, அதைச் சுற்றிக் கொஞ்சம் ஊர், அவ்வளவுதான் நாடு. “பனமரத்துப்பட்டி ஏரியச் சுத்தி நடக்கற மாதிரி ஒரு நாள் நடந்தா நாடே முடிஞ்சு போயிருமாமா. இந்தக் காசு அந்த ஊர்லயே ஒரு மிட்டாய்க்குக் காணாதாம்” என்று சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். நீ சிரிக்கவில்லை. “அத்தனை சின்ன நாட்டை இத்தாலிக்காரங்க ஏன் புடிச்சுக்கல?” என்று கேட்டாய். “எறும்பு காவல் இருக்குதோ என்னமோ” என்றார் அப்பா. அன்றிலிருந்து அது எறும்புக் காசு. பாவாடை நாடாவில் ஒரு துணியைச் சுற்றி அதில் முடிந்து வைத்துக்கொண்டு அலைந்தாய், குளிக்கும்போது மட்டும்தான் அவிழ்ப்பாய்.

அதற்குப் பிறகு வந்த மஞ்சள் காமாலை உனக்கு நினைவிருக்கும். அதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தத் தாள் நனைந்துவிடும், உனக்கும் அங்கே ஆறுதல் சொல்ல ஆள் கிடையாது. அப்பா போனார். நானும் நீயும் இருந்தோம். உன் பெரியப்பாவும் பெரியம்மாவும் அடுத்த வீட்டில் இருந்தார்கள். நிலம் அதுவரை பொதுவில்தான் இருந்தது. கிணறும் மோட்டாரும் இருக்கிற தோட்டம் ஒன்று, அதற்கு மேற்கே பாறை துருத்திக்கொண்டிருக்கிற மேட்டுக்காடு ஒன்று. அண்ணனும் தம்பியும் சேர்ந்து உழுதவரைக்கும் எது யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. உன் பெரியப்பா கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு மூன்று பையன்கள், கிணறு இல்லாமல் அவர்களை எப்படிக் கரையேற்றுவது என்ற பயம். எனக்கு நீ ஒருத்தி, கிணறு இல்லாமல் உன்னை எப்படிப் படிக்க வைப்பது என்ற பயம். இரண்டு பயமும் ஒரே கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தன. பங்கு பிரித்துவிடுவது என்று முடிவாயிற்று. தோட்டம் ஒருவருக்கு, மேட்டுக்காடு பரப்பில் கொஞ்சம் கூடுதலாக இன்னொருவருக்கு. யாருக்கு எது என்பதை மட்டும் மனுஷர்கள் சொன்னால் சண்டை வரும், அம்மனிடம் பூக் கேட்டுவிடலாம் என்றார்கள்.

பூக் கேட்பது எப்படி என்று உனக்குத் தெரியும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டும் ஒன்றுபோலக் கட்டி அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் இன்னது, சிவப்பு வந்தால் இன்னது என்று முன்கூட்டியே மனசில் வேண்டிக்கொள்ள வேண்டும். அந்த வருஷம் பூசாரி புதிது. பழைய பூசாரி படுத்துவிட்டதால் அவர் பையன் பூசை செய்தான். கல்யாணத்துக்கும் வெள்ளாமைக்கும் ஒரு குடும்பம் ஒரு மனசாக வந்து பூக் கேட்டுத்தான் அவன் பார்த்திருக்கிறான். ஒரே கேள்விக்கு இரண்டு பேர் எதிரெதிராக வந்து நின்றால் யாருக்கு எந்த நிறம் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. “வேண்டிக்கங்க” என்றான். வேண்டிக்கொண்டோம். பொட்டலத்தைப் பிரித்தான். வெள்ளை அரளி. நான் “தாயே” என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதே நேரத்தில் உன் பெரியப்பாவும் “தாயே” என்று தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்து பார்த்தால் இரண்டு பேர் முகத்திலும் சந்தோஷம். இரண்டு பேருமே வெள்ளை வந்தால் கிணறு எனக்கு என்று வேண்டியிருந்தோம்.

சிரிக்காதே. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. “அம்மனே குடுத்திருச்சு, இனி என்ன?” என்று அவர் சொல்ல, “அம்மன் எனக்குக் குடுத்துச்சுங்க மாமா” என்று நான் சொல்ல, சாமி சந்நிதியில் குரல் உயர ஆரம்பித்துவிட்டது. கேட்டதையே திரும்ப அம்மனிடம் கேட்கக் கூடாது. கேட்டால் முதல் வாக்கை நம்பவில்லை என்று ஆகிவிடும். அப்போது அருமைக்காரர், அதுதான் நம் ஊர்க் கல்யாணங்களை எல்லாம் நடத்தி வைப்பாரே, அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “மனசுக்குள்ள நெனச்சதெல்லாம் போதுஞ் சாமிகளா. அம்மன் பாவம், ரண்டு பேருக்கும் ஒரே பூவ எப்பிடிக் குடுக்கும்? வெளிய வாங்க. காசு சுண்டலாம். இந்தத் தடவ வாயத் தொறந்து சொல்லோணும்” என்றார்.

காசு கேட்டால் அதிலும் வம்பு. உண்டியல் தட்டில் இருப்பது அம்மன் காசு, அதைத் தொடக்கூடாது. பெரியப்பாவின் மச்சினன் மடியிலிருந்து ஒரு நாலணாவை எடுத்தான், அவன் காசு வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். என் தம்பி ஒன்றை நீட்டினான், பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது நீ நாடா முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கூட்டத்துக்கு நடுவே வந்தாய். அருமைக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதென்ன ஊர்க் காசு கண்ணு?” என்று கேட்டார். “அது ஒரு சின்ன நாடுங்க. மலை மேல இருக்குது. யாருக்கும் பயப்படாதுங்க” என்றாய். அதோடு விட்டாயா? “சுண்டி முடிச்சதும் எனக்கே திருப்பிக் குடுத்தரோணும்” என்று கறாராகச் சொன்னாய். அருமைக்காரர் அம்மன் மேல் ஆணையாகத் திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் வாங்கினார். இந்த உள்ளூர்ச் சண்டையில் யார் பக்கமும் சேராத காசு அது ஒன்றுதான் என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது.

உன் பெரியப்பா கோபுரம் என்றார். கோபுரத்தை விட்டுவிட்டு யாராவது எறும்பைக் கேட்பார்களா? மீந்தது எனக்கு. அருமைக்காரர் பலமாகத்தான் சுண்டினார். ஆனால் அந்தக் காசுக்கு எடை ஏது? ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று அதை அலைக்கழித்துத் தூக்கிக்கொண்டு போய், கோயில் குதிரைச் சிலைக்குப் பின்னால் போட்டது. பெரியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் நீ ஓடிவிட்டாய். சிலைக்குப் பின்னால் நீ மட்டும் நின்றாய். நாங்கள் வந்து சேருவதற்கு முன்னாலேயே அங்கிருந்து சத்தமாகச் சொன்னாய்: “கோபுரம்!”

அந்த ஒரு சொல்லில் கிணறு போயிற்று. எனக்கு அன்றைக்கு உன் மேல் வந்த ஆத்திரத்தை இப்போது சொன்னால் நீ நம்பமாட்டாய். காசு மேல் இல்லை, பெரியப்பா மேல் இல்லை, உன் மேல்தான். என்னவோ திருவிழாவில் பரிசு விழுந்ததைச் சொல்வதுபோல அத்தனை சத்தமாகச் சொல்ல வேண்டுமா என்று இருந்தது. அருமைக்காரர் காசை எடுத்து என் கையில் கொடுத்தார், நீ சின்னப் பிள்ளை, தொலைத்துவிடுவாய் என்று. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து துவரம்பருப்பு டப்பாவுக்குள் போட்டு மூடினேன். நீ கேட்டாய். அப்புறம் தருகிறேன் என்றேன். மறுநாளும் கேட்டாய். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாய்.

மேட்டுக்காட்டில் என்ன விளையும்? மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வெறும் பாறை. ஆனால் அந்த நேரத்தில்தான் நாமக்கல் பக்கமெல்லாம் கோழி ஷெட் முளைக்க ஆரம்பித்திருந்தது. கோழிக்கு நஞ்சையா வேண்டும்? காய்ந்த மேடுதான் அதற்கு நல்லது என்று என் தம்பி சொன்னான். கையிலிருந்த நகையை விற்று, பாறைக்குப் பக்கத்தில் பனங்கையும் ஓலையுமாக ஒரு ஷெட் போட்டுக் குஞ்சு இறக்கினோம். எல்லாம் யோசித்தோம், தண்ணீரை மட்டும் சரியாக யோசிக்கவில்லை. குடிக்கிற தண்ணீருக்கு ஊர்க் கிணற்றுக்குக் குடத்தோடு நடக்கலாம். அத்தனை குஞ்சுக்கும் நடக்க முடியுமா? சித்திரை வெயில் ஏறியதும் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்க ஆரம்பித்தன. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அப்போது ஒரு நாள் காலையில் வண்டிச் சத்தம் கேட்டது. இரண்டு நிலத்துக்கும் நடுவே புதிதாக நட்ட கிளுவை வேலியில் நாலு கட்டையைப் பிடுங்கிப் போட்டு வழி பண்ணிக்கொண்டு, டிரம்மில் தண்ணீரோடு உன் பெரியப்பா வண்டி ஓட்டி வந்தார். அவரோடு நான் பேச்சை நிறுத்தியிருந்த காலம். ஷெட் வாசலில் நின்றுகொண்டு, “கெணறு உங்களுதுங்க. அந்தத் தண்ணி எனக்கு வேண்டாம்” என்றேன். அவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “கெணறுதான் அம்மிணி எனக்கு உழுந்துது. தண்ணிக்கு யாரும் காசு சுண்டலையே.” சொல்லிவிட்டு டிரம்மை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போனார். நான் வீம்புக்கு அதைத் தொடவில்லை. நீதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் மொண்டு மொண்டு குஞ்சுகளுக்கு ஊற்றினாய். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் ஒரு குடத்தை எடுத்தேன்.

அந்தக் கோடை முழுக்க வண்டி வந்தது. அடுத்த கோடையும் வந்தது. அவர் கிணற்றிலேயே தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய், மோட்டார் காற்றைக் குடித்த நாட்களிலும் பாதி டிரம்மாவது வந்தது. அவர் வாழை காய்ந்தது, அதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. பெரியம்மாதான் பிறகு சொன்னாள். பேசாமல் இருந்த நான் பேச ஆரம்பித்தேன், முதலில் மாட்டைப் பற்றி, பிறகு மழையைப் பற்றி, பிறகு உன் படிப்பைப் பற்றி. முட்டை விற்ற காசில் உன்னை நாமக்கல்லில் விடுதியில் சேர்த்தபோது பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் அவர்தான். நடுவில் எறும்புக் காசுக்கு ஊரில் மதிப்பு வந்துவிட்டது உனக்குத் தெரியும். திருவிழாவில் முதல் மாவிளக்கு யாருடையது என்பதிலிருந்து, செத்துப்போன கிழவியின் எருமைக் கன்று எந்தப் பேரனுக்கு என்பது வரை, “அந்த எறும்புக் காசு இருக்குதுங்களா?” என்று கேட்டு வருவார்கள். ஏன் அந்தக் காசே வேண்டும் என்று நான் யோசித்ததில்லை. வெளிநாட்டுக் காசு, யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைக்கிறார்கள் போல என்று பருப்பு டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

இனி போன வெள்ளிக்கிழமை. உன் பெரியப்பாவுக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல், நடை மட்டும் குறையவில்லை. நம் மேட்டுக்காட்டில் போர் போட்டு, திருச்செங்கோட்டு ரிக் வண்டி பாறையைக் குடைந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்த பிறகு எனக்கு அவர் தண்ணீர் தேவையில்லை. ஆனாலும் காலையில் ஒரு குடம் வருகிறது. கேட்டால், “போர்த் தண்ணியில டீ போட்டா உப்புக் கரிக்குது. எனக்கு எறங்க மாட்டீங்குது” என்பார். தான் குடிக்கப் போகிற டீக்குத் தானே தண்ணீர் கொண்டு வருகிறார், அவ்வளவுதானாம். அன்றைக்கு டீயைக் கையில் கொடுத்துவிட்டு உன் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். காசைச் சுண்டச் சொன்ன இடம் வந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அந்தப் புள்ளைக்கு எதுக்கு அம்மிணி காசு?” என்றார். பிறகு சொன்னார்: “அன்னிக்குக் குதிரைக்குப் பின்னாடி அது போச்சுதே, நான் அந்தப் பக்கமாச் சுத்தி வந்துட்டன். அது என்னப் பாக்கல. காசு கோபுரமா உழுந்து கெடக்குது. புள்ள குனிஞ்சு பாத்துட்டு நின்னுச்சு. ஒரு நிமுசம் நின்னுச்சு. வெரலு தரையில அதுக்குப் பக்கத்துல இருந்துச்சு. வெரலால ஒரு தட்டுத் தட்டியிருந்தா எறும்பு. கெணறு உங்களுது. கேக்கறதுக்கு ஆளில்ல. நானே பாத்தன்னு சொன்னாலும் எவன் நம்புவான்? அப்பறம் எந்திரிச்சு நின்னு கோபுரம்னு கத்துச்சு. கெணத்த வாங்கிக்கிட்டு வந்தன், தண்ணி எறங்கல தொண்டையில. நான் பாத்தத அருமைக்காரர் கிட்டச் சொன்னன். ஊருக்குள்ள அவர்தான் சொல்லியிருப்பாரு.”

சாமி, இத்தனை வருஷமாக ஊர் நம்பியது காசை இல்லை, உன்னை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பருப்பு டப்பாவைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்த மக்கு நான்தான். நீ அந்த ஒரு நிமிஷம் என்ன நினைத்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. எறும்பு விழ வேண்டும் என்று என்னைவிட அதிகமாக நீதான் ஆசைப்பட்டிருப்பாய் என்று தெரியும். அன்றைக்குக் கோபப்பட்டேன் என்று எழுதினேன் அல்லவா, அதை இன்றைக்கு அழுதுகொண்டே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமையும் அழுதேன், பெரியப்பா அதைப் பார்க்காதது போல எழுந்து போய்க் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நான் காசைச் சுண்டவில்லை. சுண்ட மாட்டேன். ஒரே பொருளுக்கு இரண்டு பேர் நின்று, இரண்டு பேரும் விடமாட்டேன் என்றால்தான் காசு சுண்டுவது. இங்கே உனக்கு எதிரில் நிற்பது யார்? நானா? உன் கடிதத்தை மூன்றாம் தடவை படித்தபோது பார்த்தேன். வடக்கே இருக்கிற பண்ணையைப் பற்றி எழுதிய இடத்தில் உன் எழுத்து குதித்துக்கொண்டு ஓடுகிறது. குஞ்சுகளுக்கு வருகிற கழிச்சல் நோய்க்கு அங்கே என்ன மருந்து கண்டுபிடிக்கிறார்கள் என்று ஒரு பாட்டுப்போல எழுதியிருக்கிறாய். தீவனக் கம்பெனியைப் பற்றி எழுதிய இடத்தில் சம்பளம் மட்டும்தான் இருக்கிறது. எறும்பு விழுந்தால் வடக்கே என்று நீயே எறும்பை அந்தப் பக்கம் வைத்திருக்கிறாய், கோயிலிலும் எறும்புதான் நம் பக்கம், நீ விழ வேண்டும் என்று ஆசைப்பட்ட பக்கம் என்று மறந்துவிட்டாயா? ஆசை எது என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு, அதை அம்மா சொல்லட்டும், காசு சொல்லட்டும் என்று வெளியே நிற்கிறாய். நானும் உன் பெரியப்பாவும் வெள்ளைப் பூவை வைத்துக்கொண்டு செய்தோமே, அதே வேலை. அன்றைக்கு வாயைத் திறந்து சொல்லியிருந்தால், கிணற்றைப் பங்கு போடாமலே ஆளுக்கொரு நாள் என்று இறைத்திருக்கலாம் என்று நானும் அவரும் இப்போது டீ குடித்துக்கொண்டே பேசிக்கொள்கிறோம். நமக்குத்தான் எல்லாம் தாமதமாகப் புரிகிறது.

அதனால் நான் வாயைத் திறந்து சொல்கிறேன். போ. உன்னை விட்டு இருப்பது எனக்குச் சுலபம் என்று பொய் சொல்லமாட்டேன். நீ விடுமுறைக்கு வந்துவிட்டுத் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனாலும் போ. நீ இங்கே என் முழங்காலுக்காக வந்து உட்கார்ந்தால், என் முழங்காலை எனக்கே பிடிக்காமல் போய்விடும். தனியாக இருக்கிறாளே என்று கவலைப்படுகிறாய். கிளுவை வேலி இப்போது ஆள் உயரம் வளர்ந்து அடர்ந்து கிடக்கிறது. ஆனால் அன்றைக்கு அவர் கட்டையைப் பிடுங்கிய இடத்தில் மட்டும் யாரும் திரும்ப நடவில்லை. அந்த வழியில் இன்றைக்குக் காலையிலும் பெரியப்பா குடத்தோடு வந்தார். பெரியம்மா மத்தியானம் வருவாள், வந்தால் பேச்சு முடியாது. தனியாக இருக்க எனக்கு நேரம் எங்கே இருக்கிறது?

புதிய ஊரில் குளிர் அதிகம் என்கிறார்கள், கம்பளி வாங்கிக்கொள். பாஷை தெரியாது என்று பயப்படாதே, உன் அப்பா பம்பாயில் கைச்சைகையிலேயே லாரியைச் சரிபண்ணிக்கொண்டு வந்தவர். அங்கே யாரோடாவது கருத்து வேறுபாடு வந்தால் முதலில் வாய்விட்டுப் பேசு. விட்டுக்கொடுக்க முடியாததை விட்டுக்கொடுக்காதே, ஆனால் தண்ணீர் கேட்டு வந்தவர்களுக்கு ஊற்றிவிடு. இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அங்கே போய்ச் சேர்ந்ததும் நீ எனக்கு எழுத வேண்டியது ஒன்றுதான், நீ அங்கே என்ன ஆசைப்படுகிறாய் என்று உன் வாயால்.

எறும்புக் காசை இந்த உறைக்குள் ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஊரில் இனிச் சண்டை வந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று பெரியப்பாவே சொல்லிவிட்டார். தபால் ஆபீசில் எடை போட்டாலும் தாளின் எடைக்கு மேல் ஒன்றும் ஏறாது. அதைச் சுண்டிப் பார்க்க அனுப்பவில்லை. சுண்டி முடித்ததும் உன்னிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கோயில் வாசலில் கறாராகச் சொல்லித்தான் நீ அதைக் கொடுத்தாய். இத்தனை வருஷம் நான்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தா, திருப்பிக் கொடுத்துவிட்டேன். போய்விட்டு வா, சாமி.

உன் அம்மா